துரைக்குப் பிடித்த கை

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவனுக்குக் கொசு என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள்தான். ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பஞ்சை எடுத்துப் பார்த்தால்தான் கடித்த இடமே தெரிகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலையில் வரவேற்பு மேஜைக்கு வந்து, "கொசு இருக்காரா?" என்று கேட்டு, இல்லை என்றால் நாளைக்கு வருகிறோம் என்று வெறும் வயிற்றோடு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நாற்பதைத் தாண்டிய ஆளைக் கொசு என்று கூப்பிட்டால் வேறு யாருக்காவது ரோஷம் வந்திருக்கும். இவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் கொசுவின் வலது கை சில காலமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

சும்மா தொங்கும்போது ஒன்றுமில்லை. எதையாவது பிடித்து முன்னால் நீட்டினால் வந்துவிடும். டீ கப்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது, சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது, கையெழுத்துப் போடும்போது விரல்கள் தன்பாட்டுக்கு ஆடும். முதலில் தூக்கம் போதவில்லை என்று நினைத்தான். பிறகு பழியை டீயின் மேல் போட்டு டீயை விட்டான். டீ போனதே தவிர நடுக்கம் போகவில்லை. ஊசி போடும்போது மணிக்கட்டை நோயாளியின் கைமேலேயே ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தப் பழகினான். அதில் சமாளித்துக்கொண்டிருந்தான். ஆனால் ஒவ்வொரு கை நீளும்போதும் இது தாண்டுமா தாண்டாதா என்றுதான் குத்துவான்.

தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இன்சார்ஜ் அம்மா நல்ல மனுஷி, வேலையை விட்டு அனுப்ப மாட்டார். ஊசியை மட்டும் வாங்கிக்கொண்டு, ட்யூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற மேஜையில் உட்கார வைப்பார். அங்கே ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் என்ன என்று கூட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அந்த மேஜையை நினைத்தாலே இவனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து, பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் சாலையில் இறக்கி விடுகிறவள். சொன்னால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போவாள், அதோடு நிற்காமல் ஊசியைத் தொடாதே என்பாள். ஆகவே சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான், தட்டிலிருந்து சிந்தினால் கரண்டியைத் திட்டினான்.

அவன் நிம்மதியாக இருந்த ஒரே இடம் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் நின்ற உப்புத்தண்ணீர்த் தொட்டி. மூன்று ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கண்ணாடித் தொட்டி. உள்ளே குட்டி மலை மாதிரி அடுக்கிய கற்கள். அதில் இரண்டே பேர் குடியிருந்தார்கள். முதலில் அழகுக்கென்று நாலைந்து நீலக் குஞ்சு மீன்களையும் விட்டிருந்தான். ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வாய்க்குள் நுழைகிற எதுவும் மற்ற இருவருக்கும் சாப்பாடுதான் என்று மீன்கடைக்காரர் அதற்குப் பிறகுதான் சொன்னார். விற்பதற்கு முன் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

மிஞ்சிய இருவரில் ஒன்று விலாங்கு. கண் சுமார்தான், மூக்கு மட்டும் பலே மூக்கு. தண்ணீரில் இறால் வாடை பட்டால் போதும், கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வந்துவிடும். யார் போட்டாலும் தின்னும், எப்படிப் போட்டாலும் தின்னும். மற்றது லயன் மீன். அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உடம்பு, விரித்த விசிறியாகச் செட்டைகள், முதுகில் வரிசையாக விஷ முள். அந்த முள் குத்தினால் கை தோள் வரை வீங்கும் என்பதால் துரை யாருக்கும் அவசரப்பட்டு வழி விடுவதில்லை. கண்ணாடிப் பக்கம் வந்து ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்கிற தோரணையில் மெதுவாகத் திரும்பிப் போகும்.

தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்குள் உயிரோடு எதையும் மீனுக்கு இரையாகப் போடக் கூடாது. நீலக் குஞ்சுகள் போன பிறகு அந்த நிபந்தனை இன்னும் கெட்டியானது. துரையோ கடையில் இருந்தவரை உயிருள்ள குஞ்சு மீன் மட்டுமே தின்று வளர்ந்தது. அசையாததெல்லாம் அதன் கணக்கில் கல். உறைய வைத்த இறாலைக் கரைத்து, நீளமான ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியில் செருகி, உயிர் இருக்கிற மாதிரி அசைத்துக் காட்டிப் பழக்க வேண்டும் என்றார் கடைக்காரர். கொசு அசைத்தான். மேலும் கீழும் அசைத்தான், வட்டமாக அசைத்தான், சுண்டிச் சுண்டி இழுத்தான். துரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஒருநாள் காலை, அசைத்து அசைத்துத் தோள் விட்டுப்போய், நீ தின்றால் தின்னு, இல்லாவிட்டால் கிட என்று குச்சியைச் சும்மா நீட்டிக்கொண்டு நின்றான். துரை செட்டைகளை விரித்தது. ஒரு கணம் இறால் இருந்தது, மறு கணம் இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் துரை அவன் கையால் சாப்பிட்டது. அவன் கையால் மட்டும் சாப்பிட்டது. அக்கா வீட்டுக்கு அவன் போயிருந்த நாட்களில் மனைவி குச்சியைப் பிடித்துப் பார்த்தாள். மழைக்கு வைப்பர் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். துரை முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்து இதைக் கேட்டதும் கொசுவுக்கு வாயெல்லாம் பல். அதுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு, நான் என்ன செய்ய என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தான். லேப்பில் நோயாளிகள் அவன் கையைத் தேடி வருகிறார்கள், வீட்டில் துரையும் அப்படித்தான் என்பது அவன் கணக்கு. நடுங்குகிற கையை நம்பி ஓர் உயிராவது இருக்கிறதே என்று உள்ளுக்குள் நெகிழ்ந்தும் போனான்.

கடைசியில் ஒருநாள் லேப்பில், ஒரு தடித்த மனிதரின் கையில் ஊசி நரம்பை விட்டு மயிரிழை விலகப் பார்த்தது. அவர் கவனிக்கவில்லை. கொசுவுக்கு முதுகு நனைந்துவிட்டது. அன்று மதியமே அரை நாள் லீவு போட்டு, தெரிந்தவர் யாரும் வராத பகுதியாகப் பார்த்து, ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனான். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், ஒரு சுருள் கோடு வரையச் சொன்னார். உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லை, சில பேருக்கு வரும், வயதாக ஆகக் கூடலாம் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று போட்டால் இரண்டு மணி நேரத்தில் பிடிக்க ஆரம்பித்து நாள் முழுக்க நிற்குமாம். நேரம் தவறாமல் போட வேண்டும், நடுவில் விடக் கூடாது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீஸ் வேலை என்று கூசாமல் சொன்னான்.

லேப்பில் முதல் ஆளுக்கே கை நிற்க வேண்டும் என்று இருட்டோடு எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சில நாளில் டீ கப் கையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. டீயை மறுபடியும் ஆரம்பித்தான். லேப்பில் மணிக்கட்டை ஊன்றாமல் குத்தினான், மூச்சைப் பிடிக்காமல் குத்தினான், ரத்தம் எடுத்துக்கொண்டே சினிமாக் கதை பேசினான். இன்னும் பதினைந்து வருடம் இப்படியே ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. பிரச்சினை தீர்ந்துவிட்டதால் இனி மனைவியிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

துரை சாப்பிடுவதை நிறுத்தியது அந்த வாரத்தில்தான்.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீனுக்கு எது நடந்தாலும் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். மீன் தூங்கினால் தண்ணீர், தூங்காவிட்டாலும் தண்ணீர். கொசுவும் அந்த ஜாதிதான். உப்பின் அளவைப் பார்த்தான், சரியாக இருந்தது. கருவிதான் கெட்டுப்போயிருக்கும் என்று வேறு கருவி வாங்கினான். அதுவும் அதையே சொன்னது. கால் தொட்டித் தண்ணீரை மாற்றினான், பிறகு பாதியை மாற்றினான். வீடு முழுக்க உப்புக் கரைத்த வாளிகள் நின்றன. மனைவி தாண்டித் தாண்டி நடந்தாள். ஹீட்டரை மாற்றினான். பம்ப் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்று அதைக் கழற்றி, கழற்றியதால் வேறு மாதிரி சத்தம் வர, மறுபடி கழற்றினான். கடைக்காரரை நாளுக்கு இரண்டு முறை அழைத்தான். அவர் ஒருநாள் உப்பை மாற்று என்றார், மறுநாள் உப்பை ஏன் மாற்றினாய் என்றார்.

விலாங்கு மட்டும் இத்தனை அமர்க்களத்திலும் துரையின் பங்கையும் சேர்த்துத் தின்று கொழுத்தது. துரையின் வயிறு ஒட்ட ஆரம்பித்தது. தலை பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும் தெரிந்தது. தினமும் காலையில் அது கண்ணாடிப் பக்கம் வரும், குச்சி நுனியில் இருக்கும் இறாலைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே இருக்கும். பசிதான் என்பது அதன் கண்ணிலேயே தெரிந்தது. பசித்தும் ஏன் தின்னவில்லை என்பதுதான் புரியவில்லை. கொசுவுக்கு நிலைகொள்ளவில்லை. லேப்பிலிருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பான். உட்காருவான், எழுந்திருப்பான், போய்ப் படுப்பான், திரும்பி வருவான். கொஞ்சம் ஒரு இடத்தில் இருங்களேன், எனக்குத் தலை சுத்துது என்று மனைவி சொல்லும் வரைக்கும் தான் நடந்துகொண்டிருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் மாத்திரை அட்டை காலியாகிவிட்டது. அவன் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, லேப்புக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று குச்சியை எடுத்தான். வழக்கம்போல நம்பிக்கையில்லாமல் நீட்டினான். துரை செட்டையை விரித்தது, மெதுவாக நெருங்கியது, இறாலைக் காணோம். இன்னொன்று செருகினான். அதுவும் போயிற்று. சந்தோஷத்தில் அவன் கத்தியே விட்டான். தண்ணீர் சரியாகிவிட்டது, நான் சொன்னேன் இல்லையா என்று குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னான். உள்ளேயிருந்து மனைவி, நல்லது, இனிமேலாவது வாளிகளை எடுங்கள் என்றாள்.

மறுநாள் மாத்திரை போட்டிருந்தான். துரை பார்த்துக்கொண்டே நின்றது, தின்னவில்லை. கொசு அதையும் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு தற்செயலாகக் குச்சியின் நுனியைப் பார்த்தான். இறால் தண்ணீருக்குள் கல்லில் செதுக்கியது போல் அசையாமல் நின்றது. நேற்று அது அசைந்தது. நேற்று, அதற்கு முந்திய எல்லாக் காலைகளிலும், அது சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. துரைக்குப் பிடித்தது அவனை இல்லை. அவன் எதை ஊர் கண்ணிலிருந்து மறைத்து மறைத்து வைத்தானோ அதைத்தான் அதற்குப் பிடித்திருந்தது.

அவன் தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவமானமாக இருந்தது. ஒரு மீனிடம் போய் அவமானப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் இருந்தது. எழுந்து, கையை வேண்டுமென்றே நடுக்கிப் பார்த்தான். இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டியது, வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. மணி அடிக்கிற மாதிரி ஆடியது கை. துரை முதுகைக் காட்டியது.

அதற்குப் பிறகு அவன் ஓர் ஏற்பாடு செய்தான். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று அவனே மெச்சிக்கொண்டான். வெளிச்சம் வந்து துரை கல் இடுக்கை விட்டு வெளியே வருவதற்கும் அவன் லேப்புக்குக் கிளம்புவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் இருக்கும். மாலையில் துரை வெளியே வருவதில்லை. ஆகவே காலையில் நடுங்குகிற கையோடு முதலில் துரைக்குச் சாப்பாடு, அப்புறம் மாத்திரை, அப்புறம் லேப். மாத்திரை பிடிக்கும் வரைக்கும் பழைய மாதிரி மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு சமாளிப்பது. ஆனால் லேப்பில் கூட்டம் நெரிவது அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில்தான் கையை நீட்டுவார்கள். அது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தான்.

சில காலைகள் தப்பித்தான். துரையின் வயிறு நிரம்பியது. கொசுவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்புறம் பாட்டு டீச்சர் வந்தார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் தவறாமல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறவர். எடுத்து எடுத்து நரம்புகள் நூலாகிவிட்ட கை. வேறு யாரிடமும் அந்தக் கையை நீட்ட மாட்டார். அன்று வரிசையில் முதல் ஆள் அவர்தான். கொசு ரப்பர் பட்டையைக் கட்டினான், நரம்பைத் தடவிக் கண்டுபிடித்தான், மணிக்கட்டை ஊன்றினான், மூச்சைப் பிடித்தான். ஊசி உள்ளே போனதும் கை ஆடியது. நரம்பைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. டீச்சர் உதட்டைக் கடித்தார். தோலுக்கு அடியில் ரத்தம் நீலமாகப் பரவி வீங்கியது. மன்னிக்கணும் டீச்சர் என்று இன்னொரு இடத்தில் குத்தினான். அதுவும் தப்பியது. இந்த முறை டீச்சரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பரவால்ல தம்பி," என்றார் டீச்சர். "கொசுன்னா என்னிக்காவது ஒருநாள் வலிக்கத்தானே செய்யும்."

திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கிற பெண் எழுந்து வந்து, நகருங்கள் அண்ணா, நான் பார்க்கிறேன் என்று டீச்சரின் இன்னொரு கையில் ஒரே குத்தில் எடுத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்சார்ஜ் அம்மா வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ராத்திரி தூக்கம் இல்லை மேடம் என்றான். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்.

தெருவில் நடக்கும்போது டீச்சரின் வீங்கிய கைதான் கண்ணுக்குள் நின்றது. தெரியாமல் நடந்த தப்பு என்று மனசைத் தேற்றப் பார்த்தான், மனசு ஒப்பவில்லை. ஒரு மீன் சாப்பிட வேண்டும் என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கை நடுங்கும் என்று தெரிந்தே ஒரு நோயாளியின் கையில் ஊசியை ஏற்றியிருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கடைக்காரரை அழைத்து, துரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், விலையே வேண்டாம் என்றான். கடைக்காரர் குரலில் தேன் ஒழுகியது. மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வாளியோடு வருகிறேன் என்றார்.

மாலையில் மனைவி வந்ததும் சொன்னான். இனிமேல் பராமரிக்க முடியாது, தண்ணீர் நம் வீட்டில் செட் ஆகவில்லை, கடைக்குப் போனால் அது உயிருள்ள இரையைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றான். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். சரி, உங்கள் மீன், உங்கள் இஷ்டம் என்று உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது மனசை ஆற்றியிருப்பான். அதற்கும் வழியில்லாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

காலையில் அவன் எழுந்து வந்தபோது தொட்டிக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் குச்சி, நுனியில் இறால். விலாங்குக்கு ஒரு துண்டை மூலையில் போட்டு ஏற்கெனவே ஓரங்கட்டியிருந்தாள். துரை கல் இடுக்கிலிருந்து வெளியே வந்து இறாலையே பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம், உன் கையில் சாப்பிடாது என்று சொல்ல வாயைத் திறந்தவன், அவள் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

அந்தக் கை நடுங்கியது. முன்பு ஆட்டியதைப் போல ஆட்டம் இல்லை. விரல்கள் பொடியாகத் துடித்தன, ஒரு நொடி அடங்கின, கை இன்னும் கொஞ்சம் நீண்டதும் துடிப்பு ஒரு பங்கு கூடியது, கட்டை விரல் மட்டும் தனியாக ஒரு முறை சுண்டியது. கொசு தன் கையைத் தன் கண்ணால் பார்க்கத் துணியாமல் எத்தனையோ மாதம் தட்டையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனாலும் அது தன் கைதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையை அவள் தன் கையில் எடுத்து மாட்டியிருந்தாள்.

துரை செட்டைகளை விரித்தது. நெருங்கியது. இறால் போய்விட்டது.

அவள் திரும்பவில்லை. அவன்தான் கேட்டான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சட்டைப் பொத்தானைக் கழட்டாம, தலை வழியா மாட்ட ஆரம்பிச்சீங்களே, அப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"என்கிட்ட ஓட்ட வர்றவங்க பாதிப் பேருக்குக் கை நடுங்கும். கையைப் பார்த்தா இன்னும் நடுங்கும். அதனால ரோட்டைப் பார்ப்பேன். உங்களுக்கும் அப்படித்தான் பார்க்காத மாதிரி இருந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் குச்சியைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "துரை சாப்பாட்டை நிறுத்தினப்பதான் உங்க கை ஆடாம நிக்கறதைப் பார்த்தேன், மாத்திரை ஏதோ சாப்பிடறீங்கன்னு புரிஞ்சுது. டாக்டர்கிட்ட தனியா போயிருக்கீங்க. அவரு என்ன சொன்னாரோ, எவ்வளவு பெரிய வியாதியோன்னு நான் தினமும் செத்துப் பொழச்சேன். அதுதான் எனக்குத் தாங்கல."

பெரிய வியாதி இல்லை என்று அவன் அவசரமாகச் சொன்னான். டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னான். மாத்திரையைத் தள்ளிப்போட்டதைச் சொன்னான், பாட்டு டீச்சரின் கையைச் சொன்னான். அதைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டீச்சர் விஷயத்தில் மட்டும், அது தப்புதான் என்றாள். சமாதானம் சொல்லவில்லை.

நானே அந்த மாதிரி ஆட்டிப் பார்த்தேன், எனக்கே வரவில்லையே, உனக்கு எப்படி வந்தது என்று கேட்டான். ஆள் வரக் காத்திருக்கிற நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்துப் பிடித்துப் பழகினேன் என்றாள்.

"உங்களுக்கு வராது. நீங்க அதை ஒரு நாள் கூட நேரா பார்த்ததில்ல. பார்த்துட்டே இருந்தவ நான்தான்."

அவள் குச்சியைத் தொட்டியின் மேல் வைத்தாள். வைத்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. மீன் சாப்பிட்டாயிற்று, போதும் என்று அவன் சொன்னான்.

"இது துரைக்கு இல்லங்க," என்றாள். "இது தானா வருது."

அவன் அந்தக் கையைப் பிடித்தான். மாத்திரை இன்னும் போடவில்லை, ஆகவே அவன் கையும் நடுங்கியது. இரண்டில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை காலம் அவளைத் தனியாகப் பயப்பட விட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது. அழவும் செய்தான்.

வாசல் மணி அடித்தது. கடைக்காரர் வாளியோடு வந்துவிட்டார். மீன் எங்கேயும் போகவில்லை என்று சொல்லி அனுப்ப அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் மாத்திரை அட்டையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதை விழுங்கினான். வாசலில் கடைக்காரர் வாளியை ஆட்டி ஆட்டி நியாயம் பேசும் சத்தம் கேட்டது. கொசு போனை எடுத்தான். எண்ணைத் தொட விரல் இரண்டு தடவை தப்பியது, மூன்றாவது தடவை இன்சார்ஜ் அம்மா கிடைத்தார். உடம்பு எப்படி இருக்கிறது, இன்றைக்கு வருகிறீர்களா, வெளியே நாலைந்து பேர் கொசு எங்கே என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

"வரேன் மேடம்," என்றான். "அவங்களை மத்தவங்ககிட்ட அனுப்பிடுங்க. என் கை நடுங்குது. நேத்து மட்டும் இல்ல, ரொம்ப நாளா."